மகள் என்று ஒரு கையெழுத்து

எங்கள் வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் இப்போதும் என் கை தையல் மெஷினின் சக்கரத்தில் அப்படியே நின்றுவிடும். வந்தது யாரென்று பார்த்த பிறகுதான் தையல் மேலே ஓடும். துணி கொடுக்க வருகிற பாவப்பட்ட பெண்களையெல்லாம் "யாரு? யாரு வேணும்?" என்று நான் அதட்டுவதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். இந்தப் பயத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் என் நாத்தனார். இது அவளுடைய கதை.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. பதிவு அலுவலகத்தில் பழைய பதிவேடுகளை எடுத்துக் கொடுக்கிற வேலை. நான் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. எதையும் கண்ணுக்குக் கிட்டே வைத்துத்தான் பார்ப்பாள். சோற்றில் கல் கிடந்தால்கூடத் தூக்கி எறியமாட்டாள், வெளிச்சத்தில் பிடித்து எங்கிருந்து வந்தது என்று யோசிப்பாள். நான் கேலிக்கு வைத்த பெயர் அலுவலகம் வரை போய், அங்கே மேலதிகாரியே "நம்ம பூதக்கண்ணாடியக் கேளுங்க" என்று சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அவளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது என் மாமியார் இறந்தபோது. இறப்பைப் பதிய அண்ணனும் தங்கையுமாகப் போனார்கள். அங்கே இறந்தவரின் பிறந்த வீட்டுப் பெயர் என்று ஒரு கட்டம். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பெற்று வளர்த்தவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் என்ன பெயர் என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்கே அதை மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை. அந்தப் பெயரைத் தேடத் தொடங்கி, அது இன்றுவரை கிடைக்காமல், ஊரில் இருப்பவர்களின் அம்மாக்களையும் அத்தைகளையும் தேடிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

ஆண்களைத் தேடுவது ஒரு வேலையே இல்லை என்பாள். பிறந்தபோது என்ன பெயரோ அதே பெயரில் படித்து, வேலை பார்த்து, சாவான். நட்டு வைத்த கம்பம். பெண் அப்படியில்லை. பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒரு பெயரோடு இருப்பாள், திடீரென்று காணாமல் போவாள். பார்த்தால் வேறொரு பெயரில், வேறொரு வீட்டில், யாருடைய மருமகளாகவோ உட்கார்ந்திருப்பாள். இடையில் இருக்கிற கதவு கல்யாணப் பதிவு. அது கிடைக்காவிட்டால் மற்றவர்கள் கைவிட்டுவிடுவார்கள். இவள் மட்டும் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவாள். எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"அண்ணி, மகளைக் காணோம்னா அம்மாவோட சாவைத் தேடணும். எவ்வளவு தூரத்துல இருந்தாலும் மக வந்துடுவா. தகவல் சொன்னவங்கன்னு ஒரு கையெழுத்து வாங்குவாங்க. அதுல புதுப் பேரு, உறவுக்கு நேரா மகள், பக்கத்துல விலாசம். எல்லாம் ஒரே வரியில கிடைக்கும்."

"நீ ஏன் கல்யாணம் பண்ணிக்கல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பண்ணிக்கிட்டா என்னைத் தேடறவங்க கஷ்டப்படுவாங்களே" என்றாள். சிரிக்கவுமில்லை. உன்னை எவன் தேடப் போகிறான் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அப்படியிருக்கையில்தான் அந்த ஆள் வந்தான். அலுவலகத்தில் யாரோ அவள் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கே வந்தான். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை, குரலே உயராத பேச்சு. என்னைக்கூட "அம்மா" என்றுதான் கூப்பிட்டான். தன் சித்தி மகளைத் தேடுவதாகச் சொன்னான். அவளும் அவனும் ஒன்றாக வளர்ந்தவர்களாம். கல்யாணமாகிப் போன பிறகு அவளோடு தொடர்பே இல்லையாம். தன் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள், கண் மூடுவதற்குள் தங்கச்சி குடும்பத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள், ஒரு வம்சாவளிப் படமும் வரைந்து கொடுத்தால் கட்டிலுக்கு எதிரே மாட்டலாம் என்றான். சொல்லும்போது கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது என்பதை மறைப்பதில் பயனில்லை. அவன் போனதும், "பாரு, அண்ணன்னா இப்படி இருக்கணும்" என்று என் வீட்டுக்காரரை ஒரு குத்துக் குத்தினேன்.

பூதக்கண்ணாடி தன் வழக்கப்படி கல்யாணப் பதிவைத் தொடவேயில்லை. அந்தச் சித்தியின் பெயரை வாங்கிக்கொண்டு போய் இறப்புப் பதிவில் தேடினாள். கிடைத்தது. சித்தி இறந்து அதிக காலமாகவில்லை. தகவல் சொன்னவர் கட்டத்தில் ஒரு பெண்ணின் கையெழுத்து. உறவு, மகள். பெயரில் புதிதாக ஒரு குடும்பப் பெயர். விலாசம், ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் பழைய மில் குடியிருப்பில் ஒரு கதவு எண். இறந்தவரின் பிறந்த வீட்டுப் பெயர் என்ற கட்டம் மட்டும் காலி. எங்களைப் போலவே தெரியாத பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம்.

அன்று சாயங்காலம் என் தையல் அறையிலிருந்துதான் அவனுக்குப் போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். சித்தி இறந்த செய்தியைச் சொன்னாள். "அப்படியா" என்றான். மகளின் புதுப் பெயரைச் சொன்னாள்.

"யாரு அவன்?" என்றான். "எப்பக் கட்டிக்கிட்டா?"

"அதெல்லாம் இதுல இருக்காதுங்க. மில் குடியிருப்புல இருக்காங்க. நாளைக்கு ஆபீஸ் லீவு. படத்தை வரைஞ்சு, கதவு நம்பரோட எழுதி வைக்கிறேன். வந்து வாங்கிக்குங்க."

கதவு எண்ணை ஏன் போனிலேயே சொல்லவில்லை என்றால், அவளுக்கு அதை மை போட்டு, கோடு இழுத்து, கையில் கொடுத்து, வாங்குகிறவன் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். அந்தச் சின்ன ஜம்பத்தை நான் எத்தனையோ தரம் கேலி செய்திருக்கிறேன். அந்த ஜம்பம்தான் அன்றைக்கு ஒரு உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

மறுநாள் காலை. வீட்டில் பெரிய மேஜை என்றால் நான் துணி வெட்டுகிற மேஜைதான். அதில் பாதியை அவள் பிடித்துக்கொண்டு படம் வரைந்தாள். மீதிப் பாதியில் நான் ஒரு பாவாடையை வெட்டிக்கொண்டிருந்தேன். மகளின் கட்டத்தை எழுதி முடித்துவிட்டாள், கதவு எண் உட்பட. சித்தியின் கட்டத்தில் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்தால் படம் நிறைவாக இருக்கும் என்று அந்த அம்மாளின் கல்யாணப் பதிவின் நகலையும் கையோடு எடுத்து வந்திருந்தாள். அதைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். அப்புறம் படத்தைப் பார்த்தாள். மறுபடி நகலைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடி?" என்றேன்.

"அண்ணி, அந்தப் பொண்ணு வெச்சிருக்கிறது புருஷன் பேரு இல்ல. அவ அம்மாவோட பிறந்த வீட்டுப் பேரு."

"இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?"

"கல்யாணம் பண்ணினா அந்தப் பேரு வராது அண்ணி. அவளா எடுத்து வெச்சுக்கிட்டாத்தான் உண்டு. பொம்பளைக்குப் புதுப் பேருன்னா புதுப் புருஷன்னே பாத்துப் பாத்துப் பழகிட்டேன். அவ ஒளிஞ்சுக்கிட்டு இருக்கா. அதான் அந்தக் கட்டத்தையும் வேணும்னே காலியா விட்டிருக்கா."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. அண்ணன் முறைக்காரன் தேடுகிறான், அவனிடமிருந்து எதற்கு ஒளிய வேண்டும் என்று கேட்டேன்.

"அவ நிஜமாவே அவனுக்குச் சித்தி பொண்ணுன்னா, அவன் அம்மாவும் அந்த அம்மாவும் அக்கா தங்கச்சி. ரெண்டு பேருக்கும் பிறந்த வீடு ஒண்ணுதானே? நேத்து நான் பேரைச் சொன்னதுமே, 'அட, எங்க அம்மா வீட்டுப் பேராச்சே'ன்னு சொல்லியிருக்கணும். அவன் என்ன கேட்டான்? யாரு அவன், எப்பக் கட்டிக்கிட்டான்னு கேட்டான்."

அந்தக் குரல் எனக்கு இப்போது வேறு மாதிரிக் கேட்டது. அப்படிக் கேட்பது அண்ணன் இல்லை, புருஷன். மாமியாரின் பிறந்த வீட்டுப் பெயர் எந்த மருமகனுக்குத் தெரியும்? என் வீட்டுக்காரரிடம் என் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரைக் கேட்டால் விட்டத்தைப் பார்ப்பார். அந்தப் பெண் அதைத் தெரிந்துதான் உலகத்தில் புருஷனுக்குத் தெரியாத ஒரே பெயராகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நான் ஒருத்தியக் காட்டிக் கொடுத்துட்டேன் அண்ணி" என்றாள். பேனாவை மூடாமலே மேஜையில் போட்டாள்.

போலீசுக்குப் போகலாம் என்றேன். "போயி? புருஷன் பொண்டாட்டியத் தேடறான்னு சொல்லவா? அவங்களே வண்டியில ஏத்திக் கொண்டுபோய் விட்டுட்டு வருவாங்க." பேரும் இடமும் அவனிடம் இருக்கின்றன. இல்லாதது கதவு எண் மட்டும். குடியிருப்பில் இறங்கி நாலு பேரிடம் கேட்டால் அதுவும் கிடைத்துவிடும். அதற்கு முன்னால் யாராவது அங்கே போக வேண்டும்.

அவள் பையைத் தோளில் மாட்டினாள். அந்த நேரத்தில் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

எப்படித்தான் எனக்கு அப்படி ஒரு சுறுசுறுப்பு வந்ததோ, வெட்டிக்கொண்டிருந்த பாவாடைத் துணியைப் படத்தின் மேல் விரித்துப் போட்டேன். அவளைச் சமையலறைப் பக்கம் தள்ளினேன். பின்கதவின் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. அதை மறைக்க நான் பலமாக இருமினேன்.

"வாங்க, வாங்க. உட்காருங்க. உங்க வேலையாத்தான் ஆபீசுக்குப் போயிருக்கா. ஒரு நகல் பாக்கியாம். இப்ப வந்துடுவா."

"லீவுன்னு சொன்னாங்களே?" என்றான். சிரித்த முகமாகத்தான் கேட்டான்.

"சாவி அவகிட்டதானே இருக்கு" என்று புளுகினேன்.

நாற்காலியைக் காட்டினேன். அவன் உட்காரவில்லை. மேஜை ஓரத்தில் கையை ஊன்றி நின்றான். அந்தக் கைக்குக் கீழே துணி, துணிக்குக் கீழே அந்தப் பெண்ணின் கதவு. அவனை அங்கிருந்து நகர்த்த வேண்டும், ஆனால் வெளியே போகவும் விடக்கூடாது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில்.

"உங்க சட்டை தோள்ல இழுக்குது. எவன் தைச்சான் இதை? நில்லுங்க, அளவெடுத்து வெச்சுக்கறேன். அம்மாவைப் பாக்கப் போகும்போது நல்லதா ஒண்ணு போட்டுக்கிட்டுப் போகலாம்."

என்ன நினைத்தானோ, சரியென்று கையை விரித்து நின்றான். டேப்பை எடுத்தேன். தோள், மார்பு, கை. எவ்வளவு மெதுவாக எடுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக. ஒரே அளவைத் தப்பாக எடுத்ததாகச் சொல்லித் திரும்ப எடுத்தேன். கழுத்தைச் சுற்றி டேப்பைக் கொண்டுபோனபோது அவன் பேசினான், தொண்டை என் விரலில் அசைந்தது.

"அவளும் நல்லாத் தைப்பா. என் சட்டையெல்லாம் அவதான் தைப்பா. பொத்தான் ஒண்ணு கோணலா இருந்தாப் பிரிச்சிட்டு மறுபடி தைக்கணும். நான் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன். விடியுற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன்."

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. ஏதோ பழைய நல்ல நாளைச் சொல்வதுபோலச் சொன்னான். சித்தி மகள் என்று சொன்னதை மறந்தே போயிருந்தான். "பாக்கெட் ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு போதும்" என்று திரும்பியவன் மேஜையைப் பார்த்தான். துணியின் ஓரத்தில் வெள்ளைக் காகிதத்தின் முனை துருத்திக்கொண்டிருந்தது. "இதுதான் அந்தப் படமா?" என்று கை நீட்டினான்.

இஸ்திரிப் பெட்டி என் பக்கத்தில் சூடாக இருந்தது. அதை எடுத்துத் துணியின் நடுவில் வைத்துவிட்டேன். "தொடாதீங்க, சுடும். இது ஒரு அவசர உருப்படி, தேய்ச்சிட்டுத் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினேன். நூல் துணி இல்லை அது. கணத்தில் புகைந்து சுருங்கிக் கருகியது. ஐயோ, ஐயோ என்று கத்திக்கொண்டு, தண்ணீர் தெளிக்க வைத்திருந்த பாத்திரத்தை அப்படியே மேஜையில் கவிழ்த்தேன். கருகிய துணியை இழுத்தபோது கீழே இருந்த காகிதம் நீல நீலமாக ஒழுகியது. ஒரு பெயர் மிச்சமில்லை.

அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். முகம் மாறவில்லை. பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது. எலும்பு நொறுங்கும் என்று நினைத்தேன். அந்தப் பெண் எதிலிருந்து ஓடினாள் என்பதை யாரும் எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. பிறகு விட்டுவிட்டான்.

"மன்னிச்சுக்குங்கம்மா. கைய சுட்டுக்கப் போறீங்கன்னு பிடிச்சேன்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போனான், பஸ் நிறுத்தத்தின் பக்கம்.

கதவைத் தாழிட்டு அதில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் போய்ச் சேர்ந்தாளா, பஸ் கிடைத்ததா, அந்தப் பெண் வீட்டில் இருந்தாளா, ஒன்றும் தெரியாது. அன்று பகல் முழுக்க மெஷின் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் சாப்பிட வந்து, கருகிய பாவாடையையும் என் மணிக்கட்டையும் பார்த்துவிட்டு, "என்ன நடந்தது?" என்று கேட்டார். "உங்க தங்கச்சி திரும்பி வரட்டும், சொல்றேன்" என்றேன். வருவாளா என்று எனக்கே தெரியாமல்தான் சொன்னேன். அவன் பாதி வழியில் அவளைப் பார்த்துவிட்டால்? அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் எல்லாம் தெரிந்துவிடுமே.

வெயில் சாய்ந்த பிறகு பின்கதவு தட்டப்பட்டது. அவள்தான். உயிர் போய் உயிர் வந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

கதவைச் சங்கிலியோடு திறந்தாளாம் அந்தப் பெண். இவள் மூச்சு வாங்குவதைப் பார்த்ததுமே கேட்டாளாம், "எப்படிக் கண்டுபிடிச்சாரு?"

"அவரு கண்டுபிடிக்கலைங்க. நான்தான் கண்டுபிடிச்சேன். உங்க அம்மா சாவுப் பதிவுல."

திட்டுவாள், அடிப்பாள் என்று இவள் நின்றிருக்கிறாள். அவள் ஒன்றும் செய்யவில்லை. "கையெழுத்தை வேற யாராவது போட்டுடுங்கன்னு சொல்லிப் பாத்தேன். அப்புறம் மனசு கேக்கல. அம்மாவுக்கு மகள்னு ஒருத்தி இருந்தான்னு எங்கயாவது எழுதியிருக்கணும்ல" என்று மட்டும் சொன்னாளாம். கதவுக்குப் பின்னால் ஒரு பை தயாராக இருந்திருக்கிறது. எந்த நேரமும் அது அங்கேயேதான் இருக்குமாம். அடுப்பை அணைத்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். குடியிருப்பின் பின்பக்கமாக ரயில் பாதையோரம் இரண்டு பேரும் நடந்திருக்கிறார்கள். பஸ் ஏறும்போது அவள், "நான் இப்போ எங்க போறேன்னா" என்று ஆரம்பித்தாளாம்.

"நான் அவங்க வாயப் பொத்திட்டேன் அண்ணி. என்கிட்ட சொல்லாதீங்கன்னுட்டேன். புதுப் பேரு என்ன வைக்கப் போறீங்கன்னும் சொல்லாதீங்கன்னேன்." சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது மாமியார் இறந்தபோதுதான். நானும் அழுதேன்.

அலுவலகம் திறந்த அன்றே அவன் அங்கே போய் நின்றான். இவள் வந்து சொன்னது இது. எல்லோரும் இருக்கும்போது, அதே தணிந்த குரலில், அப்படி ஒருத்தி அந்தக் குடியிருப்பில் இருந்தாளாம், காலி செய்துவிட்டாளாம், நீங்கள் போய்ச் சொன்னீர்களா என்று கேட்டிருக்கிறான்.

"அது வேற பொம்பளைங்க" என்றாள் இவள். "உங்க சித்தியே இல்ல அது. வேற அம்மா, வேற மக. நான் தப்பாப் பாத்துட்டேன்."

"நீங்க தப்பே பண்ணமாட்டீங்கன்னு சொன்னாங்க."

"பண்ணிட்டேன்."

மேலதிகாரி நிமிர்ந்து பார்த்தாராம். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தாராம். அவளுக்கு வாழ்க்கையில் இருந்தது அந்த ஒரு நல்ல பெயர்தான். அதை அன்றைக்குத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாள். அவன் நெடுநேரம் அவளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். நம்பினானா என்று தெரியாது. அதற்கப்புறம் வரவில்லை. வராததனால் பயம் போய்விடுமா என்ன? எந்தத் தெருமுனையிலும் அந்த வெளுத்த சட்டை நிற்கலாம். அவன் கழுத்தளவு எனக்கு இன்றும் மறக்கவில்லை.

இப்போதும் யாராவது சொந்தத்தைத் தேடித் தரச் சொல்லி வருகிறார்கள், முன்போல அதிகம் இல்லை. விவரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறாள். ஆள் கிடைத்தால், முதலில் அந்தப் பெண்ணுக்குத்தான் எழுதுகிறாள், உங்களை இன்னார் தேடுகிறார், சொல்லட்டுமா என்று. பதில் வராவிட்டால் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுகிறாள்.

ஒருநாள் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டேன். "உன்னை மாதிரியே இன்னொருத்தரை அவன் பிடிச்சான்னு வெச்சுக்க. அந்தப் பொண்ணு திரும்பக் கிடைப்பாளா?"

"கிடைக்கமாட்டா அண்ணி" என்றாள்.

"அவ்வளவு உறுதியாச் சொல்றே?"

"நான் கேக்கல, அவங்களே சொன்னாங்க. பஸ்ல ஏறிட்டு ஜன்னல் வழியா சொன்னாங்க. இனிமே பயமில்லைங்க, எங்க அம்மா இன்னொரு தடவை சாகமாட்டாங்க, நான் எங்கயும் கையெழுத்துப் போட வர வேண்டியதில்லைன்னாங்க."

அவள் எழுந்துபோய் வாசல் கதவின் சங்கிலி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். நான் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தேன், காதுக்குள் நுழையவில்லை. அவளே வாங்கிக் கண்ணருகே வைத்துக் கோத்துக் கொடுத்தாள்.